தள்ளுபடியான வாய்க்கால் கேஸ்

என் வீட்டுக்காரர் கூடப் பிறந்த அண்ணன் மேலேயே கேஸ் போட்டவர். போடச் சொன்னது நான்தான். "அவ வந்த அப்பறந்தான் அந்தக் குடும்பம் கோர்ட்டுப் படி ஏறிச்சு" என்று மரக்காணத்தில் இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு. சொல்லிக்கொள்ளட்டும். வாய்க்காலை அடைத்தது நான் இல்லை.

மாமனார் கண்ணை மூடுவதற்கு முன்னால் உப்பளத்தை இரண்டு பிள்ளைகளுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார். கடல் தண்ணீர் ஏறி வரும் கழியை ஒட்டின பாத்திகள் என் மூத்தாருக்கு, உள்ளே தள்ளியிருந்த பாத்திகள் எங்களுக்கு. கழியிலிருந்து தண்ணீர் வர ஒரே வாய்க்கால். அது மூத்தார் பாத்திகளைத் தாண்டித்தான் எங்களிடம் வரும். வருஷா வருஷம் உப்புக் காலம் தொடங்குவதற்கு முன்னால் அண்ணனும் தம்பியும் சேர்ந்து நின்று அந்த வாய்க்காலைத் தூர் வாருவார்கள். அதுவரை ஒரு சண்டையும் இல்லை.

எனக்குத் தலைப்பிரசவம் ஆன வருஷம் தூர் வார இவர் போகவில்லை. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மூத்தார் தனியாக ஆள் வைத்து வாரிவிட்டு, "வாருனவனுக்குத்தான் வாய்க்கா" என்று சொல்லிவிட்டார். கோபத்தில் சொன்னதுதான். இவர் திரும்பி வந்து சிரித்துக்கொண்டே நாலு வார்த்தை பேசியிருந்தால் அது அன்றைக்கே போயிருக்கும். இவர் பேசாமல் இருந்தார். இவர் பேசாமல் இருப்பதைப் போல எரிச்சல் மூட்டும் காரியம் உலகத்தில் வேறு கிடையாது, கட்டிக்கொண்ட எனக்குத் தெரியும். அடுத்த வாரம் வாய்க்கால் வாயில் மண் விழுந்தது.

உப்பளத்துக்காரனுக்குத் தண்ணீர் நின்றால் எல்லாம் நின்றது. ஊற்றுக் குழி தோண்டி, இறைத்து, பாதிப் பாத்திகளை ஒப்பேற்றினோம். மீதிப் பாதி வெடித்துக் கிடந்தது. பங்குச் சாமியார் இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசிப் பார்த்தார். மாதா கோயிலில் அடுத்தடுத்த வரிசையில் முட்டி போட்டார்கள், வெளியே வந்து ஆளுக்கொரு பக்கம் போனார்கள். நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "கோர்ட்டுக்குப் போங்க, இல்ல நான் போறேன்" என்றேன். நான் கீழ்புத்துப்பட்டிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், பத்தாவது வரை படித்தவள். போகவும் செய்திருப்பேன் என்று அவருக்குத் தெரியும்.

அப்படித்தான் திண்டிவனம் கோர்ட்டில் வாய்க்கால் கேஸ் விழுந்தது. எங்கள் வக்கீல் நல்ல மனிதர். வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டு பேசுவார், பாதிதான் புரியும். ஆனால் அவரும் உப்பளத்தைக் கண்ணால் பார்த்தவர் இல்லை. வாய்க்கால் எங்கே தொடங்குகிறது, மதகு யார் கட்டினது, தூர் யார் வாருவது என்று நீதிபதி கேட்டபோது இரண்டு பக்கத்து வக்கீல்களும் முழித்தார்கள். நீதிபதி பேனாவை மூடிவிட்டு, அடுத்த வாய்தாவுக்கு அண்ணனும் தம்பியும் நேரில் வந்து நிற்க வேண்டும், நானே கேட்டுக்கொள்கிறேன் என்று உத்தரவு போட்டுவிட்டார்.

அது எமர்ஜென்சி காலம். ரயிலும் பஸ்ஸும் நேரத்துக்கு ஓடுகின்றன என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் பஸ்ஸுக்கு அதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. வாய்தா அன்றைக்குப் பிரம்மதேசம் தாண்டுவதற்குள் டயர் வெடித்து நின்றுவிட்டது. இவர் கொஞ்ச தூரம் நடந்து, கொஞ்ச தூரம் மாட்டு வண்டியில் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது கோர்ட் கலைந்துவிட்டிருந்தது. முதல் பஸ்ஸிலேயே போயிருந்த மூத்தார் படியிறங்கி வந்துகொண்டிருந்தாராம். நீதிபதி கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தார். அடுத்த தடவையும் வாதி வராவிட்டால் கேஸ் தள்ளுபடி.

அந்த அடுத்த தடவை ஆனி மாசத்தில் வந்தது. முதல் நாளே சட்டையைத் துவைத்துப் பெட்டி போட்டு வைத்தேன். காலையில் எழுப்பி, சோறு போட்டு, "பஸ்ஸ விட்டீங்க, வீட்டுக்கே வராதீங்க" என்று சொல்லி அனுப்பினேன். முதல் பஸ்ஸில் ஏறச் சொன்னால் பிள்ளைக்கு ராத்திரியெல்லாம் காய்ச்சல், தூங்கவில்லை, அடுத்த பஸ்ஸே போதும் என்றார். மூத்தார் வழக்கம்போல முதல் பஸ்ஸில் போய்விட்டார். தனியாகப் போகவில்லை. வாய்க்காலைத் தானே வாரினதற்குச் சாட்சி சொல்ல, அவர் அளத்தில் வேலை செய்யும் ஆட்கள் இரண்டு பேரையும் கூட்டிப் போயிருந்தார்.

அது காலையில் மழை வருகிற காலம் இல்லை. இருந்தாலும் கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. பிள்ளையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு எங்கள் அளத்துக்கு ஓடினேன். வாரிக் குவித்த உப்பு அம்பாரமாக வரப்போரம் கிடக்கும். மேலே கீற்றுப் போட்டு மூடாவிட்டால் ஒரு மழையில் கரைந்து மண்ணோடு போய்விடும். எங்கள் அம்பாரம் சின்னது. அடுத்த அளத்துப் பெண்களும் கை கொடுத்தார்கள், சீக்கிரம் மூடிவிட்டோம். நிமிர்ந்து பார்த்தேன். தூரத்தில், மூத்தார் அளத்துப் பெரிய அம்பாரத்தின் மேல் ஒரு வெள்ளைச் சட்டை குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தது.

எங்கள் உப்பளத்தில் ஒரு வழக்கம் உண்டு. மேகம் கறுத்தால் ஆள் இல்லாதவன் அம்பாரத்தைத்தான் முதலில் மூட வேண்டும். சொந்த உப்பு இருக்கிற இடத்தில் சொந்தக்காரன் இருக்கிறான், எப்படியும் மூடிக்கொள்வான். வராதவன் உப்புக்கு யார் இருக்கிறார்கள்? இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. மூச்சு விடுவதைப் போலச் செய்வார்கள். ஆனால் அன்றைக்கு மூத்தார் அம்பாரத்துக்குப் போக எல்லோருமே யோசித்தார்கள். அது தள்ளி இருந்தது, அவ்வளவு பெரியது, மழையோ தலைக்கு மேலே வந்துவிட்டது. பஸ்ஸுக்குப் போகிற வழியில் இவர் கண்டது, மூத்தார் பெண்டாட்டி, என் ஓரகத்தி, தன்னந்தனியாகக் கீற்றை இழுக்க முடியாமல் இழுத்துக்கொண்டிருந்ததை.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. சேற்றில் விழுந்து எழுந்து அங்கே ஓடினேன்.

"என்னங்க, பஸ் போயிடும்."

"அந்தக் கீத்தைப் பிடி" என்றார்.

"உங்களுக்குப் பைத்தியமா புடிச்சிருக்குது? அங்க உங்க பேரைக் கூப்புடுவாங்க."

"கூப்புடட்டும். நீ பிடி."

பிடித்தேன். இன்னொரு முனையை ஓரகத்தி பிடித்திருந்தாள். இரண்டு வருஷமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. கிணற்றடியில் நான் போனால் அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போவாள், அவள் வந்தால் நான் போவேன். அன்றைக்கும் பேசவில்லை. கீற்றைப் பரப்பினோம், கயிறு போட்டுக் கல் கட்டினோம், காற்று தூக்கினபோது இரண்டு பேரும் அதன் மேலேயே படுத்தோம். ரோட்டில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. இவர் தலையை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு அடுத்த கயிற்றை எடுத்தார். மழை கொட்டினபோது ஓரகத்தியின் முகத்தில் ஓடினது மழைத் தண்ணீர் மட்டும் இல்லை என்று எனக்குத் தோன்றியது. எனக்கும் அழுகை வந்தது. ஆனால் எனக்கு வந்தது கோபத்தில்.

மழை விட்டதும் ஈரச் சட்டையோடு அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போனார். சாயந்திரம் மரக்காணத்தில் பஸ் வந்து நின்றபோது மூத்தார் முன்படியில் இறங்கினார், இவர் பின்படியில் இறங்கினார். இவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். கேஸ் தள்ளுபடி.

நாங்கள் இரண்டு பேரும் வக்கீல் வீட்டுக்குப் போனோம். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பேசினார், அதனால் எல்லாம் புரிந்தது. உத்தரவு போட்டும் வாதி வராததால் தள்ளினது, இதே வாய்க்காலுக்குப் புதுசாக இன்னொரு கேஸ் போட முடியாது. இருக்கிற ஒரே வழி, ஒரு மாசத்துக்குள் மனு போட்டு, தகுந்த காரணம் காட்டி, தள்ளின கேஸை மறுபடியும் கோப்பில் எடுக்கச் சொல்லிக் கேட்பது. அதையும் தள்ளிவிட்டால் வாய்க்கால் மூத்தாருடையதுதான். அப்புறம் நாங்கள் வெடித்த பாத்தியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

"என்னா காரணம்னு போடறது?" என்று கேட்ட வக்கீலே பதிலும் சொன்னார். "மஞ்சக்காமாலைன்னு போட்டுடலாம். எனக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்காரு. எல்லாரும் அதைத்தான் போடறாங்க."

"வேணாங்க" என்றார் இவர்.

"ஏம்பா?"

"இல்லாத காமாலைய இருக்குதுன்னு எழுதினா நெஜமாவே வந்துடுமுங்க."

வக்கீல் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். வேறு என்னதான் காரணம் என்று கேட்டதற்கு இவர், "தவிர்க்க முடியாத வேலைன்னு போடுங்க" என்றார். என்ன வேலை என்றதற்கு, "உப்பளத்து வேலைங்க." அதோடு வாயைக் கட்டிக்கொண்டார். வக்கீல் தலையில் அடித்துக்கொண்டு அப்படியே எழுதினார்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "உங்க அண்ணன் உப்பை மூடினேன்னு சொல்ல வாய் வலிக்குதா?"

அவர் கொஞ்ச தூரம் நடந்துவிட்டுச் சொன்னார். "அதைச் சொல்லிக் கேஸைத் திரும்பக் கேட்டா, மூடினதுக்குக் கூலி கேட்ட மாதிரி ஆவும்."

"கேளுங்க. கூலிதானே."

"நீயும் சொல்லக் கூடாது. மாதா மேல சத்தியம் பண்ணு."

நடுரோட்டில் அப்படியே நின்றேன். நான் சத்தியம் பண்ணும் வரைக்கும் அவரும் நகரவில்லை. பண்ணித் தொலைத்தேன். அதற்கப்புறம் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவருக்கு அது ஒரு தண்டனையே இல்லை.

மனு விசாரணைக்கு வரும் வரை அவர் சரியாகச் சாப்பிடவில்லை. சாயந்திரத்தில் காய்ந்து போன பாத்தியில் போய் உட்கார்ந்து, வெடித்த மண்ணைப் பெயர்த்துக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள், "ஆரோவில்ல மரம் நட குழி வெட்ட ஆள் எடுக்கறாங்களாம்" என்றார், எங்கேயோ பார்த்துக்கொண்டு. உப்பைத் தவிர வேறு வேலை தெரியாதவர். குழியில் மரம் வைத்துத் தண்ணீர் ஊற்றச் சொன்னால் உப்புத் தண்ணீரை ஊற்றுவார் என்று கேலி செய்தேன். அவர் சிரித்தார். அப்புறம் நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். அந்த மனிதர் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று அன்றைக்குத்தான் எனக்கே சரியாகத் தெரிந்தது.

என் நம்பிக்கையெல்லாம் ஓரகத்தி மேல்தான் இருந்தது. நடந்ததைப் புருஷனிடம் சொல்லியிருப்பாள், அந்த மனிதருக்கும் ஈரம் இருக்கும் என்று நினைத்தேன். வந்தது எதிர்மனு. வாதி வேண்டுமென்றே கோர்ட் உத்தரவை மதிக்கவில்லை, அன்றைக்குத் தன் உப்பளத்தில் சொந்த வேலை பார்த்துக்கொண்டிருந்தார், மனுவைத் தள்ள வேண்டும் என்று அவர்கள் வக்கீல் எழுதியிருந்தார். கீழே மூத்தார் கையெழுத்து. நான் அதைப் படித்துக் காட்டினபோது இவர், "வக்கீல் எழுதறதுதான், அண்ணன் படிச்சிருக்காது" என்றார். மூத்தாருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், அது நிஜம். இருந்தாலும் கையெழுத்துப் போட்டது அவர்தானே.

விசாரணை அன்றைக்கு நானும் போனேன். முதல் பஸ்ஸிலேயே போனோம். கோர்ட்டில் கடைசி பெஞ்சில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூத்தார் அவர் வக்கீலுக்குப் பின்னால் நின்றார். என்னை ஒரு தரம் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், திரும்பிக்கொண்டார்.

நீதிபதி சத்தம் போடுகிறவர் இல்லை. மெதுவாகத்தான் கேட்டார். "ரெண்டு தடவை நேர்ல வரச் சொன்னேன். ரெண்டு தடவையும் வரலை. மொதல் தடவை பஸ்ஸு, சரி. ரெண்டாவது தடவை என்னா?"

"மழைங்க ஐயா. உப்பை மூடினேங்க."

"தேதி முன்னாடியே தெரியும் இல்ல? வேற யாரும் மூட மாட்டாங்களா?"

இவர் மூத்தார் நின்ற பக்கம் திரும்பவே இல்லை.

"கோர்ட்டு உத்தரவைவிட உப்பு முக்கியம்னு நெனைச்சியா?"

இவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர்கள் வக்கீல் எழுந்து, வாதியே ஒப்புக்கொண்டுவிட்டார், சொந்த லாபத்துக்காக உத்தரவை மீறினவருக்குச் சலுகை காட்டினால் நாளைக்கு யாரும் கோர்ட்டுக்கு வர மாட்டார்கள் என்று பேசினார். எங்கள் வக்கீல் பதிலுக்கு என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அவர் கையில் இருந்தது 'தவிர்க்க முடியாத வேலை' ஒன்றுதான். நீதிபதி பேனாவைத் திறந்தார். எனக்கு மாதா மேலேயே கோபம் வந்தது. எழுந்து கத்திவிடலாம் என்று பிள்ளையை இறுக்கிப் பிடித்தேன், அது சிணுங்கியது.

"ஐயா" என்றது ஒரு குரல். மூத்தார். அவர் வக்கீல் திரும்பி, பேசாதே என்று கையைக் காட்டினார். மூத்தார் அதைப் பார்க்கவில்லை.

"அது அவன் உப்பு இல்லீங்க."

நீதிபதி நிமிர்ந்தார். "எது?"

"அன்னிக்கு அவன் மூடினது என் உப்புங்க. நான் இங்க நின்னுக்கிட்டு இருந்தேன். என் ஆளுங்களையும் சாட்சிக்கு இங்க இட்டாந்துட்டேன். அளத்துல என் வூட்டுக்காரி ஒண்டியா இருந்துச்சு. அவன் பஸ்ஸ விட்டுட்டு என் அம்பாரத்தை மூடினான். நான் திரும்பி வந்த அன்னிக்கே அது சொல்லிச்சு." கொஞ்சம் நின்று மூச்சு வாங்கினார். "அவனே சொல்லுவான்னு இருந்தேங்க. சொல்ல மாட்டேங்கறான்."

 இவர் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது மட்டும் பின்னாலிருந்து தெரிந்தது. நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ இந்த மனுவை அனுமதிக்க உனக்கு ஆட்சேபணை இருக்குதா?"

"இல்லீங்க ஐயா."

"அப்படின்னா கேஸே எதுக்கு? ரெண்டு பேரும் வீட்டுக்குப் போய்ப் பேசித் தீர்த்துக்கலாம் இல்ல?"

"வாய்க்கா என்னுதுங்க" என்றார் மூத்தார்.

"பொது வாய்க்காங்க ஐயா" என்றார் இவர். அன்றைக்கு அவர் வாயிலிருந்து தானாக வந்த முதல் வார்த்தை அதுதான். குமாஸ்தா சிரிப்பை அடக்க முடியாமல் காகிதக் கட்டுக்குப் பின்னால் குனிந்தார். நீதிபதிக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். மனுவில் எழுதினார். தள்ளுபடி ரத்து, கேஸ் மறுபடியும் கோப்பில். அடுத்த வாய்தாவுக்குத் தேதி கொடுத்துவிட்டு, வாதி நேரில் வர வேண்டும் என்று மூன்றாம் தடவையாகச் சொன்னார்.

"இந்தத் தடவையும் வரலைன்னா?"

இவர் பதில் சொல்வதற்குள் மூத்தார் சொன்னார். "நான் இட்டுக்கிட்டு வர்றேங்க."

கேஸ் அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் நடந்தது. வாய்க்கால் இருவருக்கும் பொது என்று தீர்ப்பானது. அதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே மூத்தார் மண்வெட்டியை எடுத்து வந்து அடைப்பை வெட்டிவிட்டிருந்தார் என்பது கோர்ட்டுக்குத் தெரியாது. வக்கீலுக்கும் நாங்கள் சொல்லவில்லை. வெட்டிவிட்ட பிறகும் வாய்தாவுக்கு வாய்தா வந்து நின்று, வாய்க்கால் தன்னுடையதுதான் என்று மூத்தார் சொல்லிக்கொண்டிருந்தார். விட்டுக்கொடுப்பது வேறு, ஒப்புக்கொள்வது வேறு. அந்தக் குடும்பத்து ஆண்பிள்ளைகளைக் கட்டிக்கொண்ட நானும் ஓரகத்தியும் இதைப் பிற்பாடு சேர்ந்து உட்கார்ந்து பேசிச் சிரித்திருக்கிறோம்.

கேஸ் மறுபடியும் கோப்பில் ஏறின பிறகு வந்த முதல் வாய்தா அன்றைக்கு, விடிந்தும் விடியாமலும் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் மூத்தார். வேட்டியும் துண்டுமாக, தலை சீவி, கோர்ட்டுக்குக் கிளம்பின கோலம். வாய்க்கால் அடைபட்ட நாளிலிருந்து இந்த மனிதர் என்றாவது என் வாசலில் வந்து நின்றால் என்னென்ன கேட்க வேண்டும் என்று நான் ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்திருந்தேன். மனப்பாடமாக இருந்தது. அண்ணனா நீங்க என்று ஆரம்பிக்க வேண்டும், பிள்ளை பெத்தவ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என்று தொடர வேண்டும்.

அவர் உள்ளே பார்க்காமல், நிலைப்படியைப் பார்த்துக் கேட்டார். "ஏம்மா, கெளம்பிட்டானா?"

"சட்டை போட்டுக்கிட்டு இருக்காரு மாமா" என்றேன். "உள்ள வந்து உக்காருங்க. காபி போடறேன்."